ரிலேயை மாற்றும் முன்: ஜீப்பில் கூடுதல் லைட், ஹார்ன், கம்ப்ரசர் வேலை செய்யாதபோது

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் நான். மேலே கோதையாறு, கீரிப்பாறை, மாறாமலை எஸ்டேட்களுக்கு ஓடும் ஜீப்புகளும், குளச்சல், முட்டத்தில் மீன் ஏற்றும் வண்டிகளும் வரும். கடையில் கிடைத்ததை வாங்கித் தாங்களே வயர் இழுத்த இளைஞர்களின் மஹிந்திரா தார் வண்டிகளும் வரும். வந்து நின்றதும் எல்லாரும் சொல்வது ஒன்றைத்தான்: “அண்ணே, ரிலே போச்சு. புதுசு ஒண்ணு போட்டுத் தாருங்க.”

ரிலே என்பது சுவிட்சின் சின்னக் கரண்டை வைத்து லைட்டின் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி. பத்து வண்டியில் ஒன்றிரண்டில்தான் ரிலே உண்மையாகவே செத்திருக்கும். நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு முறை. ஆனி ஆடியில் விடாத சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. அதோடு கடற்காற்றின் உப்பும் சேர்கிறது. இவையெல்லாம் முதலில் தின்பது எர்த் போல்ட்டை (எர்த் என்றால் கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி), அடுத்து ரிலே குத்தும் சாக்கெட்டின் பின்னை. ரிலே கடைசியில்தான்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், அரை மீட்டர் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், உப்புத்தாள். டெஸ்ட் லேம்ப் என்றால் 21 வாட் இன்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்தது. வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். பல்புக்கு ஒன்றே முக்கால் ஆம்பியர் வேண்டும், அதனால் அதை ஏமாற்ற முடியாது. இந்தப் பல்பை நீங்கள் தனியாக இழுத்த வயரில் மட்டும் வையுங்கள். கம்பெனி வயரிலும் இன்ஜின் சென்சார் வயரிலும் வைக்க வேண்டாம், அங்கே மீட்டர் மட்டும்.

ரிலேயின் அடியில் எண் இருக்கும். 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 லைட்டுக்குப் போவது. 86-க்கு சுவிட்சிலிருந்து கரண்ட் வரும், 85 எர்த். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கம்பிச்சுருள்தான் காயில், அது காந்தமாகி 30-ஐயும் 87-ஐயும் சேர்க்கும். சிலர் சுவிட்சை எர்த் பக்கம் போட்டிருப்பார்கள். அப்படியானால் 86-ல் எப்போதும் கரண்ட் இருக்கும், சுவிட்ச் 85-ஐத்தான் எர்த் செய்யும். உங்கள் வண்டியில் எது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கீழே வரும் சோதனைகள் சுவிட்ச் 86 பக்கம் இருக்கும் வண்டிக்கு.

## சுவிட்ச் போட்டால் ‘டக்’ சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை

ரிலே மேல் விரலை வைத்துக்கொண்டு இன்னொருவரை சுவிட்ச் போடச் சொல்லுங்கள். துடிப்பு தெரியவில்லை என்றால்தான் இந்தப் பகுதி உங்களுக்கு.

முதலில் சுவிட்சுக்கு வரும் ஃப்யூஸ். கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லிவிடாதீர்கள். பிளேடு ஃப்யூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும், டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் பிடித்து, மறுமுனையால் இரண்டையும் தொடுங்கள். ஒன்றில் எரிந்து மற்றதில் எரியாவிட்டால் ஃப்யூஸ் போயிருக்கிறது. இரண்டிலும் எரியாவிட்டால் அதற்கு முன்னாலேயே கரண்ட் வரவில்லை. ஃப்யூஸ் நல்லதாக இருந்து, ஹோல்டரின் கால் பச்சைக் களிம்பு பிடித்துப் போயிருப்பதும் இங்கே சகஜம்.

அடுத்து, சுவிட்சைப் போட்டு 86-ல் டெஸ்ட் லேம்பை வையுங்கள். எரியவில்லை என்றால் சுவிட்ச், அல்லது சுவிட்சிலிருந்து வரும் வயர். டேஷ்போர்டில் வைக்கும் மலிவு ராக்கர் சுவிட்சுக்குள் தூசியும் ஈரமும் போய் உள்ளே கருகிவிடும். அதை மாற்றுவதுதான் வழி, திறந்து சுரண்டினால் ஒரு மாதம் ஓடும்.

86-ல் எரிகிறதா? இப்போது டெஸ்ட் லேம்பை பேட்டரி பாசிட்டிவுக்கு மாற்றி 85-ஐத் தொடுங்கள். பளிச்சென்று எரிய வேண்டும். எரியவில்லை அல்லது மங்கல் என்றால் 85-ன் எர்த் போய்விட்டது. இந்த அறிகுறியில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். பானட்டுக்குள் ஏதோ ஒரு தகட்டு ஸ்க்ரூவில் பெயின்ட் மேலேயே முறுக்கியிருப்பார்கள், புதிதில் வேலை செய்யும், ஒரு மழைக்காலம் தாண்டாது.

இரண்டும் சரி என்றால் மட்டும் ரிலேயைக் கழற்றி 85-க்கும் 86-க்கும் இடையில் ஓம் பாருங்கள். 12 வோல்ட் ரிலேயில் 70 முதல் 100 ஓம் வரை வரும். ஓ.எல். என்று காட்டினால் காயில் அறுந்துவிட்டது. மாற்றலாம்.

## ‘டக்’ கேட்கிறது, ஆனால் லைட் எரியவில்லை

சுவிட்ச், காயில், 85-ன் எர்த் எல்லாம் நல்லது என்று அந்தச் சத்தமே சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் போய் நேரத்தைக் கெடுக்க வேண்டாம்.

லைட்டின் சாக்கெட்டைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொடுத்துப் பாருங்கள். எரியாவிட்டால் பல்பு அல்லது லைட்டே போய்விட்டது, கதை முடிந்தது. எரிந்தால் தொடருங்கள்.

30-ல் டெஸ்ட் லேம்ப் எப்போதும் எரிய வேண்டும், சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். எரியவில்லை என்றால் பேட்டரி பக்கத்து மெயின் ஃப்யூஸ். சுவிட்சுக்கு ஒன்று, 30-க்கு ஒன்று என்று ஃப்யூஸ் இரண்டு இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

30-ல் கரண்ட் இருந்தால் ரிலேயைப் பிடுங்கி, சாக்கெட்டில் 30-ஐயும் 87-ஐயும் அந்த 2.5 வயர் துண்டால் இணையுங்கள். லைட் எரிகிறதா? அப்படியானால் ரிலே உள்ளே கருகிவிட்டது. ரிலேதான் குற்றவாளி என்று தயங்காமல் சொல்லக்கூடிய சோதனை இது. எரியவில்லை என்றால் 87-லிருந்து லைட் வரைக்கும் உள்ள வயர், இல்லையென்றால் லைட்டின் எர்த்.

சாக்கெட்டைத் திருப்பி அடிப்பக்கமும் பாருங்கள். குண்டும் குழியுமான எஸ்டேட் ரோட்டில் பின் பின்னால் நழுவி வந்துவிடும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் இருக்கிற மாதிரியே தெரியும்.

புதிதாகப் போட்ட ரிலேயில் வேறு ஒரு குழப்பமும் வரும். ஐந்து கால் ரிலேயின் நடுக்கால் 87-ஏ. லைட் வயரை அதில் குத்தினால் சுவிட்ச் அணைத்திருக்கும்போது எரியும், போட்டால் அணையும். ஒரு பையன் இதற்காக சுவிட்சைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிக்கொண்டு ஒரு வாரம் ஓட்டியிருந்தான்! மேலும், சில ரிலேக்களில் 30-ம் 86-ம் இடம் மாறி இருக்கும். கால் அமைப்பு ஒன்றுபோலத் தெரிகிறது என்று ஹார்ன் ரிலேயைப் பிடுங்கி இங்கே குத்தும் முன் மேலே அச்சிட்ட எண்ணை ஒப்பிடுங்கள்.

## எரிகிறது, ஆனால் மங்கல்

மீன் வண்டி ஒன்று வந்தது. முன் பம்பரில் இரண்டு லைட். பேட்டரி மாற்றி, பல்பு மாற்றி, ரிலே இரண்டு தடவை மாற்றி, கடைசியில் இங்கே வந்திருக்கிறார்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட். லைட்டின் இரண்டு வயருக்கு நடுவே 11.6. நடுவழியில் இரண்டரை வோல்ட் போயிருக்கிறது. எங்கே போனது?

பேட்டரி பாசிட்டிவுக்கும் லைட்டின் பாசிட்டிவுக்கும் இடையில் மீட்டரை வைத்தேன்: 0.3. அது பரவாயில்லை. லைட்டின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் வைத்தேன்: 2.2. லைட்டின் எர்த்தை பம்பரில் கொடுத்திருந்தார்கள். பம்பர் முழுக்கப் பவுடர் கோட்டிங், அதன் மேல் ஐஸ் உருகி வடிந்த உப்புத் தண்ணீர், போல்ட்டைச் சுற்றிப் பொருக்குப் பொருக்காகத் துரு.

“ரிலே போவல மக்கா, எர்த்துதான் போயிருக்கு” என்றால் டிரைவர் நம்பவில்லை. அரை மீட்டர் வயரை லைட்டின் எர்த்திலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நீட்டிப் பிடித்தேன். வெளிச்சம் எதிர்ச் சுவரில் ஏறியதைப் பார்த்த பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை.

நீங்களும் இதே இரண்டு அளவுகளை எடுங்கள். லைட் எரிந்துகொண்டிருக்க வேண்டும். அணைத்துவிட்டு அளந்தால் எதுவும் தெரியாது. இன்ஜின் ஓடுவதால் ஃபேன் பெல்ட் பக்கம் துண்டு, தளர்ந்த லுங்கி எதுவும் தொங்கக் கூடாது.

எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த்தைச் சரிசெய்ய வேண்டும். போல்ட்டைக் கழற்றி, பெயின்ட் போகும்வரை, இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். வயர் நுனியில் மாட்டும் திம்பிளை நன்றாக நசுக்கிப் பிடிக்க கிரிம்ப் செய்து, பல் வாஷர் வைத்து முறுக்குங்கள். மேலே வாஸ்லினோ கிரீஸோ பூசுவது முறுக்கிய பிறகு. ‘பாடி எர்த்தே போதும்’ என்பது மழை குறைந்த ஊருக்குச் சரியாக இருக்கலாம். குளச்சல், முட்டம் வண்டிகளுக்கு நான் லைட்டிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கே தனிக் கருப்பு வயர் இழுத்துவிடுகிறேன், பாசிட்டிவ் வயர் எந்தத் தடிமனோ அதே தடிமனில். வயர் செலவு கொஞ்சம் கூடும். அதே வண்டி அதே குறையோடு திரும்பி வருவதில்லை.

பாசிட்டிவ் பக்கம் அரை வோல்ட்டுக்கு மேல் இழந்தால் வயர் மெல்லியது, அல்லது இடையில் எங்கோ முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இருக்கிறது. கணக்கு எளிது: 55 வாட் லைட் இரண்டு என்றால் சுமார் 9 ஆம்பியர். நான்கு மீட்டர் 2.5 ஸ்கொயர் வயரில் கால் வோல்ட்தான் போகும். அதே தூரம் 1 ஸ்கொயர் வயரில் 0.6 வோல்ட் போய்விடும். 100 வாட் இரண்டு என்றால் 16, 17 ஆம்பியர், அதற்கு 4 ஸ்கொயர் போடுங்கள். வயர் வாங்கும்போது நுனியை வெட்டி வெட்டுமுகத்தைப் பாருங்கள். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையுமாக இருந்தால் அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு, வேண்டாம்.

கூடுதல் லைட்டோடு வண்டியின் சொந்த ஹெட்லைட்டும் மங்கலாகி, செல்ஃபும் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் உங்கள் வயரிங்கை விட்டுவிட்டு, இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் பின்னல் எர்த் பட்டையைப் பாருங்கள். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டை அறுந்தால் எர்த்துக்கு நல்ல வழியே இல்லை. பட்டையும் நன்றாக இருந்து, இன்ஜின் ஓடும்போதே பேட்டரியில் 13.5-க்குக் கீழ் என்றால் பெல்ட் அல்லது ஆல்டர்நேட்டர். பெல்ட் இறுக்கத்தை நீங்கள் பார்க்கலாம், ஆல்டர்நேட்டரை ஆளிடம் விடுங்கள்.

## ரிலே படபடவென்று அடிக்கிறது

லைட் பற்றியதும் வோல்ட் இறங்குகிறது, காயில் பிடியை விடுகிறது, லைட் அணைகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடி பிடிக்கிறது. அதுதான் அந்தச் சத்தம்.

பேட்டரியை முதலில் பாருங்கள். வண்டியை நிறுத்தி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து 12.6 இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12.0-ல் இருந்தால் சார்ஜ் போடாமல் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுடுதண்ணீரில் ஆப்பச்சோடா கலந்து ஊற்றிக் கழுவுங்கள், மூடித் துளைகளுக்குள் போகாமல்.

பேட்டரி நல்லது என்றால் 85-ன் எர்த்தும் லைட்டின் எர்த்தும் ஒரே போல்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த போல்ட் துருப்பிடித்தால் லைட்டின் சுமை காயிலையும் சேர்த்து இழுக்கும். 85-க்குத் தனி எர்த் கொடுத்தால் சத்தம் நிற்கும். லைட் மங்கலாக இருந்தால் மேலே ‘எரிகிறது, ஆனால் மங்கல்’ பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

## ஃப்யூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

பெரிய ஃப்யூஸ் போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், செம்பு இழை சுற்றுவது அதைவிட மோசம். ஃப்யூஸ் காப்பது வயரை. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. 55 வாட் லைட் இரண்டுக்கு நீலம் போதும்.

ஃப்யூஸுக்குப் பதிலாக ஹோல்டரின் இரண்டு காலிலும் டெஸ்ட் லேம்பை மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், வயர் கருகாது. இனி ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வாருங்கள். முதலில் லைட், பிறகு ரிலே, பிறகு சுவிட்ச். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அதற்குப் பின்னால்தான் ஷார்ட். ஒரு டப்பா ஃப்யூஸ் மிச்சம்.

ஃப்யூஸ் போட்ட கணமே போனால்: ஹோல்டரிலிருந்து சுவிட்ச் அல்லது ரிலே வரையுள்ள வயர் எங்கோ தகட்டில் உரசுகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் தகட்டுத் துளையில் ரப்பர் புஷ் இல்லாமல் வயர் நுழைத்த இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன். வயல் ஓரம், ரப்பர் தோட்டத்துக்குள் நிற்கும் வண்டி என்றால் எலி.

சுவிட்ச் போட்டதும் போனால்: விளக்கு வைத்த மூன்று கால் சுவிட்சில் எர்த் வயரும் வெளியே போகும் வயரும் இடம் மாறியிருக்கும். போட்டவுடன் கரண்ட் நேரே எர்த்துக்குப் போகிறது. இல்லையென்றால் டயோடு (ஒரு பக்கமாக மட்டும் கரண்டை விடுவது) வைத்த ரிலே. அதில் 86 பாசிட்டிவ், 85 எர்த் என்றுதான் இருக்க வேண்டும், திருப்பினால் ஷார்ட்.

குழியில் விழும்போது மட்டும் போனால்: வண்டியை நிறுத்தி, டெஸ்ட் லேம்பை ஹோல்டரில் மாட்டியபடி வயர்க்கட்டை அங்கங்கே ஆட்டுங்கள். பல்பு மினுக்கும் இடத்தில் பிரித்துப் பாருங்கள்.

பத்து நிமிடம் எரிந்த பிறகு போனால்: சுமை அதிகம், அல்லது ஹோல்டரே சூடாகிறது. தொட்டுப் பாருங்கள். சாக்கெட் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் பின் தளர்ந்திருக்கிறது. ரிலேயை மட்டும் மாற்றினால் புதிய ரிலேயும் அதே சாக்கெட்டில் வேகும். சாக்கெட்டையும் வயர் நுனியையும் சேர்த்து மாற்றுங்கள்.

## அணைத்தாலும் அணையவில்லை

ரிலேயைப் பிடுங்குங்கள். அப்போதும் எரிந்தால் லைட் வயர் எங்கோ இன்னொரு பாசிட்டிவ் வயரோடு உருகி ஒட்டியிருக்கிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

பிடுங்கியதும் அணைந்ததா? சுவிட்ச் அணைத்த நிலையில் 86-ல் கரண்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சுவிட்ச் உள்ளே ஒட்டிவிட்டது. இல்லையென்றால் ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிவிட்டது. ஸ்பேனர் பிடியால் ஒரு தட்டு தட்டினால் விடும், ஆனால் திரும்ப ஒட்டும். டயர் கம்ப்ரசரில்தான் இது அதிகம். ரிலே மேல் 40/30 ஆம்பியர் என்று இருந்தால் 40 என்பது 87-க்கு, 30 என்பது 87-ஏ காலுக்கு. மோட்டார் கிளம்பும்போது இழுப்பது ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. வண்டியை இழுக்கும் வின்ச்சை இந்த ரிலேயில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், அதற்கு அதனுடைய சொலினாய்டு என்ற கனமான ரிலேதான்.

எல்இடி பார் மட்டும், அணைத்த பிறகும் மினுக்கட்டாம்பூச்சி மாதிரி லேசாக எரிகிறதா? சாக்கெட்டுக்குள் ஈரம் 30-க்கும் 87-க்கும் பாலம் போட்டிருக்கிறது. கழற்றிக் காயவைத்து, களிம்பைத் துலக்கி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி திருப்பி மாட்டுங்கள். வயர் சாக்கெட்டுக்குள் ஏறும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஒரு ஜீப்பில் சீட்டுக்கு அடியில் ரிலே. பக்கத்தில் ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட் கேன். மூடி சரியில்லை. பின் எல்லாம் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. ஆசிட் ஏற்றும் வண்டியில் ரிலேயை பானட்டுக்குள் மேல் பக்கம் வையுங்கள்.

## நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்குகிறது

மழையில் பால்வெட்டு நின்று ஜீப் பத்து நாள் கிடந்தால் இந்தப் புகார் வரும். சாவியை எடுத்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே இணையுங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடிக்கவே கூடாது, மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். புதிய வண்டிகள் முழுதாக உறங்க அரை மணி நேரம்கூட ஆகலாம், காத்திருங்கள்.

50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் குறை பேட்டரியில். 150 பக்கம் இருந்தால் ஒரு ரிலேயின் காயில் அணையாமல் நிற்கிறது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். அது ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர் ஹவர் குடிக்கும். ஓர் இரவில் தெரியாது, பத்து நாளில் 60 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. ரிலேக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எதில் எண் இறங்குகிறது என்று பாருங்கள். சுவிட்சின் ஊட்டத்தை சாவி போட்டால் மட்டும் வரும் வயருக்கு மாற்றினால் மறதிக்கும் சேர்த்து மருந்து.

## நீங்கள் கை வைக்கக் கூடாத இடம்

மஞ்சள் உறை போட்ட வயர் ஏர்பேக்குடையது. அதில் மீட்டர்கூட வைக்காதீர்கள். புதிய வண்டிகளில் ஹெட்லைட் வயரைக் கீறி ரிலேக்கு எடுப்பதும் வேண்டாம், லைட்டைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி சுமை மாறியதைக் கண்டு எச்சரிக்கை விளக்கைப் போடும், சில சமயம் லைட்டையே நிறுத்திவிடும். வயர் எரிந்த வாடை வந்தால், வயர்க்கட்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், மெயின் ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இல்லாமலே முந்தையவர் வயர் இழுத்திருந்தால், நெகட்டிவைக் கழற்றிவிட்டு எலக்ட்ரீசியனிடம் போங்கள்.

போகும்போது வண்டியைக் கழுவிவிட்டுப் போகாதீர்கள், களிம்பும் கசிவும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். மழையிலா வெயிலிலா, ஏற்றத்திலா நிற்கும்போதா, எப்போது குறை காட்டியது என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய ரிலேயைத் தூக்கிப் போடாமல் அதையும் கையில் கொண்டுபோங்கள், பெரும்பாலும் அதையே திரும்ப மாட்டித்தான் அனுப்புவோம்.